மலைக்குச் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முன்னால் எத்தனை தட்டு என்று பாருங்கள்

இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசை கட்டி நின்ற 2022-இல்தான் என் முதல் கியர் சைக்கிளை வாங்கினேன். கடைக்காரர் சொன்ன ஒரே விபரம், "21 கியர் தம்பி, எந்த மலையும் ஏறும்" என்பதுதான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறினேன். பெருந்தெருவில் எப்படியோ மூச்சுவாங்கிச் சமாளித்துவிட்டேன். தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பி முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை, இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர், தலையில் சாக்கோடு என்னைத் தாண்டி நடந்தார். தாண்டும்போது, "ஏன் தம்பி, தள்ளிக்கிட்டுப் போறதுக்கா இவ்வளவு சல்லி குடுத்து வாங்குனீங்க?" என்று கேட்டார்.

அந்தச் சைக்கிளில் 21 கியர் இருந்தது பொய்யில்லை. முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. கோளாறு என்னவென்றால், அந்த 21-இல் மலைக்கென்று ஒன்றுகூட இல்லை. இது எனக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பொழுதில் புரிந்துவிடட்டும்.

முதலில் பற்களை எண்ணுங்கள்

பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தைக் கடைகளில் செயின்வீல் என்பார்கள். இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் செயின்ரிங் என்பார்கள். நான் இங்கே தட்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். பின்சில்லில் அடுக்கடுக்காக இருப்பது கசெட். மலிவான வண்டிகளில் அதே இடத்தில் திருகிப் பூட்டும் பிரீவீல் இருக்கும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடுவது டெரெய்லர். மூன்று தட்டு, இரண்டு தட்டு வண்டிகளில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு டெரெய்லர் இருக்கும். ஒற்றைத் தட்டு வண்டியில் பின்னுக்கு மட்டும்தான்.

வண்டியைப் பார்க்கப் போனால் நிறத்தையும் சஸ்பென்ஷனையும் பிறகு பார்க்கலாம். முதலில் குனிந்து இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்: முன்னால் ஆகச் சின்னத் தட்டில் எத்தனை பல், பின்னால் ஆகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல். தட்டின் பக்கவாட்டிலேயே 22, 32 என்று எண் குத்தியிருப்பார்கள். பழைய வண்டியில் கிரீஸும் சேறும் அதை மூடியிருக்கும். அப்போது ஒரு பல்லில் சோக்கால் கோடு போட்டுவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து கோட்டில் முடித்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அப்புறம் ஒரே ஒரு வகுத்தல்

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் வருவது கியர் விகிதம். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சில்லு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதே அதன் பொருள். எனது முதல் வண்டியில் சின்னத் தட்டு 28, பின்னால் பெரியது 28. வகுத்தால் 1. இப்போது நான் ஓட்டும் வண்டியில் முன்னால் 22, பின்னால் 34. வகுத்தால் 0.65.

1-க்கும் 0.65-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 27.5 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். நிமிடத்துக்கு 60 தடவை பெடல் சுற்றினால், விகிதம் 1 உள்ள வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும், 0.65 உள்ளது 5 கிலோமீட்டரில் ஏறும். நீங்களும் சைக்கிளுமாக 80 கிலோ, சரிவு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டியில் உங்கள் கால் விடாமல் 170 வாட் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் 110 வாட் போதும். கல்லும் மண்ணும் பிடித்து இழுப்பது இதற்கு மேல். பழக்கமில்லாத ஒருவர் 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். 170 என்றால் இரண்டு முடக்குத் தாண்டுவதற்குள் இறங்கிவிடுவார். இறங்காமல் மெதுவாக மிதிக்கலாமே என்றால், நிமிடத்துக்கு 35, 40 சுற்று என்று எழும்பி நின்று மிதிக்க வேண்டும். அது முழங்காலைத் தின்னும். ஈரக் கல்லில் பின்சில்லும் வழுக்கிவிடும்.

அதனால் மலையகத்தில் சைக்கிள் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதல்ல. கடைசிக் கியர், அதாவது ஆகச் சின்னத் தட்டைப் பின்னால் ஆகப் பெரிய சக்கரத்தால் வகுத்து வரும் விகிதம், எவ்வளவு என்பதுதான். தோட்டத்து ரோட்டில் ஏறப் போகிறவருக்கு 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பெருந்தெரு மட்டும்தான் என்றால் 0.8 வரை பார்க்கலாம். 0.9-ஐத் தாண்டினால் அந்த வண்டியைச் சமவெளியில் இருக்கும் யாராவது வாங்கட்டும்.

உங்கள் ஏற்றம் எது?

நம் ஊரில் ஏற்றம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ரயில் பாதையை எடுத்துக்கொண்டால், அது 44 அடி ஓடி ஒரு அடி ஏறும் கணக்கில் போட்ட பாதை, சதவீதத்தில் சொன்னால் இரண்டேகால்தான். அதற்காகத்தான் அது மலையை இத்தனை சுற்றுச் சுற்றுகிறது. பெருந்தெருக்களும் அப்படித்தான், வளைந்து வளைந்து போவதால் சரிவு மிதமாக இருக்கும், ஆனால் நீளம் கொல்லும். கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறுவது அரை நாள் வேலை. அங்கே தேவை, ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகக்கூடிய, ஒன்றுக்கொன்று நெருக்கமான கியர்கள்.

தோட்டத்து ரோடு வேறு சாதி. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்குக்குப் போகும் பாதை, லயத்துக்குப் பின்னால் கோயிலுக்கு ஏறும் பாதை, இவையெல்லாம் லொறி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுவதற்காகப் போட்டவை. ஐம்பது மீட்டர் செங்குத்தாக இருக்கும், பிறகு கொஞ்சம் சமம், திரும்பவும் செங்குத்து. இதில் கருங்கல் சல்லியும் மழை அரித்த வாய்க்காலும் சேர்த்தி. அப்புத்தளையில் தம்பேதென்ன ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் வரை போகும் 7 கிலோமீட்டர் ஒரு நல்ல பரீட்சை. காலையில் பனி விலகும் முன் போனால் வேன்களும் குறைவு. பட்டிப்பொலப் பக்கமிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுவது அதற்கும் ஒரு படி மேல்.

நீங்கள் அடிக்கடி ஏறப் போகும் இடத்தைப் போனில் உள்ள வரைபடச் செயலியில் பாருங்கள். ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் உயர்ந்தால் 10 சதவீதம். சராசரியை நம்பாதீர்கள், ஆகச் செங்குத்தான துண்டைத் தேடுங்கள். சைக்கிளை விட்டு இறங்க வைப்பது சராசரி இல்லை, அந்தத் துண்டுதான்.

மூன்று தட்டு

பழைய மவுண்டன் பைக் என்றால் மூன்று தட்டுதான். 42-32-22 அல்லது 44-32-22 என்பது பல வருடம் ஓடிய வழமையான அளவு. பின்னால் 11 முதல் 34 வரை உள்ள கசெட் இருந்தால் கடைசிக் கியர் 0.65, ஆகப் பெரியது 3.82. வீச்சு என்று பார்த்தால் இன்றைக்கும் இதை அடிக்க ஆளில்லை. வேகமான இறக்கமும் செங்குத்தான ஏற்றமும் ஒரே வண்டியில் கிடைக்கும்.

கண்டியிலோ கொழும்பிலோ ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் குவித்து வைத்திருக்கும் கடைகளுக்குப் போனால் நல்ல மூன்று தட்டு வண்டி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மூன்று தட்டு எல்லாம் ஒன்றல்ல. 48-38-28 உள்ள வண்டியும் மூன்று தட்டுதான், அது டவுனில் கந்தோருக்குப் போகிறவருக்காகச் செய்தது. நான் மாட்டிக்கொண்டது அதில்தான். 42-34-24 என்று இன்னொரு அளவும் மலிவு வண்டிகளில் வரும். பின்னால் 28 பல் பிரீவீலோடு வந்தால் கடைசிக் கியர் 0.86, 34 பல்லோடு வந்தால் 0.71. ஆகவே சின்னத் தட்டு 22 அல்லது 24 என்று கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கை விஷயத்திலும் ஏமாற வேண்டாம். மூன்றையும் எட்டையும் பெருக்கி 24 கியர் என்பார்கள். 42-ஐப் பின்னால் 28-இல் போட்டால் 1.50. 32-ஐ 21-இல் போட்டால் 1.52. 22-ஐ 15-இல் போட்டால் 1.47. மூன்று இடத்தில் கைவைத்து ஒரே கியரைத்தான் தொடுகிறீர்கள். அதோடு, பெரிய தட்டையும் பின்னால் பெரிய சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால் செயின் கோணலாக இழுபட்டு முறுகும். சின்னதையும் சின்னதையும் சேர்த்தால் தொய்ந்து உரசும். இரண்டுமே ஆகாது. இவற்றைக் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது பதின்மூன்று, பதினான்குதான்.

முன் டெரெய்லர்தான் மூன்று தட்டின் நோஞ்சான் பிள்ளை. பாரம் ஏறியிருக்கும்போது செயினைக் கீழே தள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கும். செஞ்சேறு அப்பிக்கொண்டால் நகரவே நகராது. சின்னத் தட்டின் பற்கள் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தால் இன்னும் மோசம். சேற்றில் செயினை விடாமல் பிடித்து, மேலே சுழற்றி, தட்டுக்கும் பிரேமுக்கும் நடுவில் சொருகிவிடும். நோர்வூட் பக்கம் ஒரு மழை நாளில் எனக்கு இப்படி ஆயிற்று. செயினை உருவி எடுக்கக் கால் மணி நேரம். அதற்குள் இரண்டு காலிலும் அட்டை.

இரண்டு தட்டு

சாலையும் காடுமாக ஓட்டுகிறவருக்கு என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தம். 38-24 தட்டும் பின்னால் 11-36 கசெட்டும் என்றால் கடைசிக் கியர் 0.67, பெரியது 3.45. ஏற்றத்துக்கு ஒரு தட்டு, மற்றதற்கு ஒரு தட்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளச் சுலபம். கியர்களுக்கு நடுவே பெரிய பள்ளம் இல்லாததால் நீண்ட ஏற்றத்தில் கால் ஒரே தாளத்தில் போகும்.

கிடைப்பதுதான் கஷ்டம். மூன்று தட்டுக்கும் ஒற்றைக்கும் நடுவில் சில வருடம் மட்டும் மவுசாக இருந்துவிட்டுப் போன வகை இது. நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் பல்லை எண்ணுங்கள்.

ஒற்றைத் தட்டு

2012-இல் சைக்கிள் பாகம் செய்யும் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற கியர்த் தொகுதியை வெளியிட்டது. முன்னால் ஒரே தட்டு, பின்னால் 10 முதல் 42 வரை பதினொரு சக்கரம். 2016-இல் அதுவே பன்னிரண்டு சக்கரமாகி 50 பல் வரை போனது. அதே தொழிலில் இருக்கும் ஷிமானோ 2018-இல் 51 பல்லுக்கு வந்தது. இப்போது புதிதாக வரும் தரமான மவுண்டன் பைக்குகளில் அநேகமாக எல்லாமே ஒற்றைதான்.

ஒற்றைத் தட்டின் பற்களை உற்றுப் பாருங்கள். ஒரு பல் தடிப்பு, அடுத்தது மெலிவு, மறுபடி தடிப்பு என்று மாறி மாறி இருக்கும். செயினின் கண்ணிகளும் அகலம், ஒடுக்கம் என்று மாறி மாறித்தான் வரும். இரண்டும் பொருந்தி உட்காருவதால் கல்லில் குதித்தாலும் செயின் சுலபத்தில் கழராது. பின் டெரெய்லரில் கிளட்ச் என்று ஒரு சின்ன ஏற்பாடும் இருக்கும், அது செயினைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இடது கைக்குக் கியர் வேலையே கிடையாது. முதன்முதலாகக் கியர் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது முன் டெரெய்லரோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் தெரியும்.

விகிதம் பார்த்தால், 32 பல் தட்டும் 10-51 கசெட்டும் 0.63 முதல் 3.2 வரை கொடுக்கும். 30 பல் போட்டால் கடைசிக் கியர் 0.59. லயத்துக்குப் பின்னால் உள்ள பாதையிலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். 29 அங்குலச் சில்லு என்றால் 30 பல் தட்டையே கேளுங்கள். பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடுதலாக உருளும் என்பதால் 29-இல் 30 பல்லும், 27.5-இல் 32 பல்லும் காலுக்கு ஏறக்குறைய ஒரே பாரம்.

இதிலும் பொறி உண்டு, முன்னதைவிட நுட்பமான பொறி. ஒற்றைத் தட்டு இப்போது நாகரிகம் ஆகிவிட்டதால் மலிவு வண்டிகளிலும் முன்னால் ஒரே தட்டைப் போட்டு விற்கிறார்கள். பின்னால் பார்த்தால் 34 பல்லோடு நிற்கும். 32-ஐ 34-ஆல் வகுத்தால் 0.94. பார்வைக்குப் புது மவுண்டன் பைக், ஏற்றத்தில் என் பழைய 21 கியரின் தம்பி. பின்னால் 46 பல்லாவது இல்லாத ஒற்றைத் தட்டை மலையகத்தில் வாங்காதீர்கள். 42 போதாதா என்றால், 30 பல் தட்டோடு 0.71 வரும், இளவயதுக் கால் என்றால் சமாளிக்கலாம்.

பெரிய கியர் பற்றி ஒரு கவலை எல்லோருக்கும் வரும். 32-11 என்றால் 2.91தானே, இறக்கத்தில் மிதிக்க ஒன்றுமில்லாமல் போகுமே என்பார்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் அதில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரும். இறம்பொடை இறக்கத்தில், முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு திரீவீல் என்றிருக்கும்போது 30-க்கு மேல் மிதித்துப் போக வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை. அங்கே வேண்டியது பிரேக். மஹியங்கனைப் பக்கம் இறங்கிச் சமவெளியில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள், வேகமாக ஓட்டும் கூட்டத்தோடு சேர்ந்து போகிறவர்கள், இவர்களுக்குத்தான் அந்தக் குறை உறைக்கும். அவர்கள் இரண்டு தட்டைத் தேடலாம்.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

பின்னால் பன்னிரண்டு பல்சக்கரம் உள்ள வண்டியின் செயின் அறுந்தால் ஹட்டன் டவுனில் உள்ள எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்டிக்கோ கொழும்புக்கோ சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். எட்டுச் சக்கரச் செயின் அப்படியில்லை, டவுனுக்கு டவுன் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. நான் இன்னும் பழைய வண்டியை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. 10 பல்லில் தொடங்கும் கசெட்டுக்குப் பின்சில்லின் நடுவே வேறு மாதிரி ஹப் வேண்டும். ஷிமானோவுக்கு ஒன்று, ஸ்ராமுக்கு ஒன்று. 11 பல்லில் தொடங்குவது பழைய வழமையான ஹப்பிலேயே ஏறும், 11-46, 11-51 போன்றவை அந்த ரகம். ஒற்றைத் தட்டு வாங்குவதானால், மலையில் இருக்கிற நமக்கு 11-இல் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஹப் கெட்டாலும் மாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் மேற்குச் சரிவில் செப்டெம்பர் வரை சேறுதான். எந்தத் தட்டாக இருந்தாலும் செயின் வேகமாகத் தேயும். ஒரு சாதாரண அடிமட்டம் போதும் தேய்மானம் பார்க்க. செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12-ஆவது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அது தட்டையும் கசெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒற்றைத் தட்டு வண்டியில் அந்தப் பெரிய கசெட்டின் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

கடையில் நிற்கும்போது

வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் ஒரு தடவை மாற்றுங்கள். சின்னத் தட்டுக்கு இறங்குகிறதா, இறங்கும்போது செயின் உள்பக்கம் விழுகிறதா என்று பாருங்கள். பின் டெரெய்லரைப் பின்னாலிருந்து பார்த்தால் அது கசெட்டுக்கு நேராகத் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வண்டி எங்கோ விழுந்திருக்கிறது. பாவித்த வண்டியில் தேய்ந்த பல்லைத் தேடுங்கள். டவுன்காரர் வண்டியில் நடுத்தட்டு தேய்ந்திருக்கும், மலைக்காரர் வண்டியில் சின்னத் தட்டு.

தட்டுகளைப் பிடித்திருப்பது போல்ட்டா, அடித்த ரிவிட்டா என்று கட்டாயம் பாருங்கள். போல்ட் என்றால் தேய்ந்த தட்டை மட்டும் மாற்றலாம். ரிவிட் என்றால் பெடலைத் தாங்கும் கையான கிராங்கையே மாற்ற வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

பரவாயில்லை. என்னைப்போல் 28-28-இல் மாட்டிக்கொண்டவருக்குச் செலவு குறைந்த வைத்தியம், பின்னால் உள்ள பிரீவீலைக் கழற்றிவிட்டு 14-34 போடுவது. 1-இல் நின்ற கடைசிக் கியர் 0.82-க்கு வரும். பெருந்தெருவுக்கு அது போதும். ஆனால் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று முதலில் சைக்கிள் திருத்தும் பாஸிடம் கேளுங்கள், குட்டையான டெரெய்லர் என்றால் அதையும் மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. முன்னால் பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே கழியுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 48-28-உம் 34-14-உம் என்றால் இருபதும் இருபதும் நாற்பது. டெரெய்லரின் கொள்ளளவு அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

என் நண்பர் ஒருவர் வேறு வழியில் போனார். 42-32-22 உள்ள அருமையான வண்டி அவருடையது. ஒற்றைதான் இப்போது எல்லோரும் போடுவது என்று முன் டெரெய்லரையும் இரண்டு தட்டுகளையும் கழற்றி வீசிவிட்டு நடுவில் 32-ஐ மட்டும் வைத்துக்கொண்டார். பின்னால் அதே பழைய 34. ஒரே நாளில் 0.65-இலிருந்து 0.94-க்கு வந்துவிட்டார். ஒற்றைக்கு மாறுவதென்றால் கசெட், பின் டெரெய்லர், ஷிப்டர், செயின் எல்லாம் சேர்ந்துதான் மாற வேண்டும், டெரெய்லரும் ஷிப்டரும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் சில நேரம் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. நாலு போல்ட் கிராங்கில் 42-32-22 உள்ள பழைய வண்டி ஒன்றைப் பிடித்தேன். 42-ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்லில்லாத ஒரு காப்பு வளையத்தைப் பூட்டினேன். முன் டெரெய்லரில் வெளிப்பக்க எல்லைத் திருகாணியை உள்ளுக்கு முறுக்கி, நடுத்தட்டுக்கு மேல் போகாமல் அடைத்தேன். செயினைக் கொஞ்சம் குட்டையாக்கினேன். மூன்று தட்டு வண்டி 32-22 இரட்டையாகிவிட்டது. கடைசிக் கியர் அதே 0.65. கல்லில் முட்டிக்கொண்டிருந்த பெரிய தட்டு போய்விட்டதால் கீழே இடைவெளியும் கூடிவிட்டது, காற்சட்டையும் மாட்டுவதில்லை. எட்டுச் சக்கரச் செயின்தான். பிற்காலத்தில் ஒற்றைக்கு மாற நினைத்தால் வழியும் திறந்தே இருக்கிறது. நாலு போல்ட்டில் அடுத்தடுத்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு 73.5 மில்லிமீட்டர் அளவு வந்தால் அது 104 என்று சொல்லும் வழமையான அளவு, ஒற்றைத் தட்டுகள் அதற்குத் தாராளமாகக் கிடைக்கும்.

இதைச் செய்து கொடுத்த பாஸ் முதலில், "இருக்கிறதக் கழட்டுறீங்களே தம்பி, வித்தா விலை போகாதே" என்றார். சரிதான், விலை போகாது. நான் விற்கப் போவதில்லை.

யாருக்கு எது என்று நேராகக் கேட்டால்: புது வண்டிக்குக் காசு இருக்கிறது, தோட்டத்து ரோடும் ஒற்றையடிப் பாதையும்தான் ஓட்டம் என்றால், 30 அல்லது 32 பல் ஒற்றை, பின்னால் 46-க்குக் குறையாமல். காசு இறுக்கம் என்றால், சின்னத் தட்டு 22 உள்ள பாவித்த மூன்று தட்டு. வேலைக்கும் அதே வண்டியில் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் போக வேண்டும் என்றால், கிடைத்தால் இரட்டை.

முதல் ஏற்றம்

வண்டி வந்ததும் தம்பேதென்னவுக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஏற்றத்தில் மூன்று நாள் பழகுங்கள். பழக வேண்டியது ஒன்றுதான்: ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே சின்னத் தட்டுக்கு வந்துவிடுவது. கால் கனத்த பிறகு மாற்றினால் செயின் கடமுட என்று கத்தும், சமயத்தில் அறுந்தும் போகும். தவறிப்போய்க் கனத்துவிட்டால், ஒரு தடவை ஓங்கி மிதித்து வண்டிக்குக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். உடனே காலைத் தளர்த்தி, பெடலைச் சும்மா சுற்றவிட்டபடி லீவரைத் தள்ளுங்கள். ஒற்றைத் தட்டானாலும் இதே வித்தைதான், அங்கே முன்னுக்குப் பதில் பின்னால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவீர்கள், ஒரே தள்ளில் நாலைந்து தாண்டாமல்.

தோட்டத்து ரோடுகளில் ஏற்றம் எங்கே தொடங்கும் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. பெரும்பாலும் ஓடையைக் கடக்கும் சின்னப் பாலம்தான். இறங்கி வரும் வேகத்தில் பாலத்தைத் தாண்டியதும் ரோடு சட்டென்று நிமிர்ந்துவிடும். பாலத்தின் கட்டை மதில் கண்ணில் பட்டதுமே சின்னத் தட்டைப் போட்டுவிடுங்கள்.